திருப்பித் தராத பஞ்சுக்குச்சி

அத்தியாயம் பதினான்கு

"இரத்தம் பொய் சொல்லாது," என்றார் தியாகராசா, அலுமாரிக் கண்ணாடியைப் பார்த்து.

கண்ணாடிக்குள் நின்ற தியாகராசாவும் அதையே சொன்னார். இருவருக்கும் திருப்தியில்லை. சால்வையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றிப் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இரத்தம் ஒருநாளும் பொய் சொல்லாது" என்று ஒரு சொல்லைக் கூட்டிப் பார்த்தார். இந்த முறை கண்ணாடிக்குள் நின்றவர் தலையை ஆட்டினார்.

குசினியில் பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்த மனைவி பூரணத்தின் கை அப்படியே நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பது தொடர்ந்து வாசித்து வருபவர்களுக்குத் தெரியும். இடையில் கலியாண வீடு, கனடாப் பயணம் என்று போய்வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போன மாதம் கொக்குவில் சந்திக்குப் பக்கத்தில் உள்ள றொஷானின் ரெலிபோன் கடைக்குள் முகத்தை மூடிக்கொண்டு சிலர் வாளோடு புகுந்தார்கள். ஆளை மாறி வெட்டிவிட்டார்கள் என்று ஊர் பிறகு கண்டுபிடித்தது. அந்தக் கண்டுபிடிப்பால் றொஷானின் வலது கைக்கு ஒரு பிரயோசனமும் ஏற்படவில்லை. அன்று பின்னேரம் பூரணத்தின் மகன் நிருஷன், உள்ளங்கையில் துவாயைச் சுற்றிக்கொண்டு பின்வளவால் வீட்டுக்கு வந்தான். தகப்பனுக்கும் அக்காவுக்கும் முள்ளுக்கம்பி கிழித்த கதை சொல்லப்பட்டது. தாய்க்கு மட்டும் உண்மை. வாள் பிடித்தவன் அவனில்லை. கண்ணாடி அலுமாரியை உடைத்தவன் அவன்.

இரத்தம் பட்ட அவனுடைய சட்டையைப் பூரணம் காய்ந்த பாளைகளுக்குள் வைத்துக் கொளுத்தினாள். கடைக் கண்ணாடியை அவளால் கொளுத்த முடியவில்லை. அதைப் பொலிசார், காய்ந்த இரத்தத்தோடு, பொதி செய்து கொண்டுபோய்விட்டார்கள்.

இன்றைக்கு அந்த மாதிரி இரத்தங்களைப் பற்றிப் பேசத்தான் கொக்குவிலில் கூட்டம். தேசிய தடய மரபணுத் தரவுத்தளம் ஒன்றை அமைப்பதற்கான சட்டமூலம் தயாராகிறதாம். அதைப் பற்றி மக்களின் கருத்தை அறிய வேண்டுமாம். அழைப்பிதழில் முதலில் 'கருத்தறியும் கூட்டம்' என்றுதான் இருந்தது. பிள்ளையார் கோயில் தர்மகர்த்தா சபைத் தலைவரும் ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க முகாமையாளருமான தியாகராசா அதைப் 'பெருவிழா' என்று திருத்துவித்தார். கூட்டத்தில் கழுத்தில் மாலை வாங்க முடியாது, விழாவில் வாங்கலாம்.

மக்களுக்குப் பயம் தெளிவதற்காக ஊர்ப் பெரியவர் ஒருவர் மேடையில் தன் மாதிரியைக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் விரும்பினார்கள். ஊசியில்லை, வலியில்லை, கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்பார்கள். தகப்பனின் பெயரைக் கொடுத்தவள் மகள் கஜானி. அவள் சட்டம் படித்து, யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் பயிற்சியில் இருக்கிறாள். அந்தச் சட்டத்தரணி ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர். மேடை கண்ட கிழமையில் அப்பா வீட்டில் யாரோடும் சண்டை பிடிப்பதில்லை என்ற நல்லெண்ணத்தில்தான் கொடுத்தாள்.

அதே நல்லெண்ணத்தில் இராச்சாப்பாட்டின்போது தாய்க்கு விளக்கமும் சொன்னாள். "பிள்ளையிலை பாதி அப்பா, பாதி அம்மா. தாய் தகப்பனைத் தெரிஞ்சால் பிள்ளையைப் பிடிக்கலாம் அம்மா."

அன்றிலிருந்து பூரணத்துக்குச் சோறு இறங்கவில்லை.

*

பிட்டு அவிந்துகொண்டிருக்கும்போது வட்டுக்கோட்டையிலிருந்து ரெலிபோன் வந்தது. நாகமுத்தர் விடியப்புறம் மோசம் போய்விட்டாராம்.

பூரணம் அந்த மனிதருக்காக இரண்டு நிமிடம் உண்மையாகவே அழுதாள். மூன்றாவது நிமிடத்தில், பிள்ளையாரே, காப்பாற்றினீர் என்று நினைத்தாள். நினைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நாகமுத்தர் தியாகராசாவின் பேரனாருக்கு, அதாவது தகப்பனின் தகப்பனுக்கு, வட்டுக்கோட்டையில் இருந்த இரண்டாவது வீட்டுப் பிள்ளை. தகப்பன் வழி; சித்தப்பா முறை. செத்த வீடு என்றால் துடக்கு. துடக்குக்காரர் கோயில் வாசலையும் மிதிக்க முடியாது, விழாவில் மாலையும் வாங்க முடியாது. மேடையில் வாயைத் திறக்கிற கதையே இல்லை.

அவள் அறைக்குள் போய்ச் செய்தியைச் சொன்னாள். சொல்லிவிட்டு, தோய்ந்துவிட்டு வரும்படியும், விழாக்காரருக்குத் தான் அறிவிப்பதாகவும் சேர்த்துச் சொன்னாள்.

தியாகராசா கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை. "ஆர் நாகமுத்தர்?"

"உங்கடை சித்தப்பா."

"எனக்கு வட்டுக்கோட்டையிலை சித்தப்பா இல்லை. அது ஊர்க்கதை, பூரணம். பேரனார் அந்தப் பக்கம் புகையிலை வாங்கப் போறவர், வாறவர். அவ்வளவுதான்."

புகையிலை வாங்கப் போனவருக்கு அங்கே மூன்று பிள்ளைகள் பிறந்ததை அவள் நினைவூட்டினாள். தோட்டக் காணி எழுதுகிற நேரம் இவரே தேசிக்காயும் சீனிப் பெட்டியுமாகப் போய், "சித்தப்பா, ஒரு கையெழுத்து" என்று வாசலில் நின்றதையும் நினைவூட்டினாள்.

"அது காணி விசயம்," என்றார் தியாகராசா பொறுமையாக. "காணிக்கு முறை வேறை, துடக்குக்கு முறை வேறை. நீர் போய் ஒருக்கா முகத்தைக் காட்டிப்போட்டு வாரும், நாளைக்கு. அவன் எங்கடை இரத்தமில்லை."

பிறகு கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்: "இரத்தம் ஒருநாளும் பொய் சொல்லாது."

*

கிணற்றடியில் நிருஷன் முகம் கழுவிக்கொண்டிருந்தான், ஒற்றைக் கையால். தாயின் முகத்தைப் பார்த்ததும் அப்பா மேடை ஏறத்தான் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

அப்பாவிடம் சொல்லிவிடுவோமா என்று கேட்டான். பூரணம் அதைப் பல நாளாக எல்லாப் பக்கத்தாலும் திருப்பிப் பார்த்தவள். சொன்னால் மனிதர் இடிந்துபோவார் என்று முதலில் பயந்தாள். போகப்போக வேறு பயம் வந்தது. இடியாமல் நிமிர்ந்துவிட்டால்? பெற்ற மகனையே சட்டத்தின் கையில் ஒப்படைத்த தந்தை என்று ஒரு மேடை கிடைத்துவிட்டால்? அந்தச் சால்வைக்கு அவர் இல்லையென்று சொல்லுவார் என்று அவளால் சத்தியம் பண்ண முடியவில்லை.

"ஆரின்ரை கடை எண்டு எனக்குத் தெரியாதம்மா," என்றான் நிருஷன், எத்தனையோ தடவை சொன்னதைத் திரும்பவும். "உள்ளுக்கை போன பிறகுதான் றொஷான் அண்ணை நிக்கிறதைக் கண்டனான். அவர் எனக்குப் போன் திருத்தித் தந்து காசு வாங்காத மனிசன்."

"கண்ட பிறகும் உடைச்சனீ."

அவன் வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பூரணம் இன்னொன்றும் கேட்க நினைத்து, கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயத்தில் விட்டுவிட்டாள்.

*

ஒரு வழி மிச்சம் இருந்தது. அது அடுத்த ஒழுங்கையில், றொஷானின் வீட்டில் இருந்தது. போகக் கூடாத வீடு. ஆனாலும் கத்தரிக்காய்ப் பால்கறியை ஒரு சட்டியில் ஊற்றி மூடிக்கொண்டு போனாள்.

றொஷானின் தகப்பன் கனகரட்ணம், மிஷன் பாடசாலை ஒன்றில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் தியாகராசாவும் ஒருவரையொருவர் 'சேர்', 'ஐயா' என்று மரியாதையாக அழைத்தபடியே இருபது வருடம் பகையாக இருப்பவர்கள். வாசிகசாலைக் கட்டடத்தின் திறப்பு விழாக் கல்லில் யாருடைய பெயர் மேலே என்பதில் தொடங்கியது. கல் இன்னும் பதிக்கப்படவில்லை. வாசிகசாலையில் ஆடு படுக்கிறது.

பூரணத்தின் கணக்கு இதுதான். கோயிலில் ஒருமுறை முதல் மரியாதைக்கான காளாஞ்சித் தட்டம் தனக்கு முன் இன்னொருவருக்கு நீட்டப்பட்டதற்காகத் தியாகராசா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தவர். அந்தத் திருவிழா முடியும் வரை சாமி பார்க்கவில்லை. இன்றைக்கும் முதல் மரியாதை கனகரட்ணத்துக்குப் போனால், மனிதர் மேடையை விட்டு இறங்கிவிடுவார். பஞ்சு அவர் வாய்க்குள் போகாது.

விறாந்தையில் றொஷான் இருந்தான். வலது கை கழுத்தில் கட்டித் தொங்கியது. இடது கையால் ஒரு சின்னத் திருப்புளியைப் பிடித்து, பழைய போன் ஒன்றின் ஆணியைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தான். அது வழுக்கி வழுக்கிப் போனது. பூரணத்தைக் கண்டதும் சிரித்தான்.

"என்ன அன்ரி, நிருஷனைக் காணக்கிடைக்கேல்லை? எல்லாரும் வந்து பாத்தவை. அவன்தான் வரேல்லை."

காய்ச்சல் என்று சொன்னாள். என்ன காய்ச்சல் என்று அவன் அக்கறையாகக் கேட்டான். இந்த நாளில் டெங்கு பொல்லாதது, தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கோ என்றான்.

றொஷானின் தாய் மியூரியல் பால் விடாத பிளேன்ரீயோடு வந்து பக்கத்தில் இருந்தாள். கனகரட்ணத்தையும் விழாவுக்குக் கேட்டிருந்தார்களாம், வெட்டுப்பட்ட பிள்ளையின் தகப்பன் என்ற முறையில். இரண்டாவது ஆளாகப் போக அவர் என்ன சருவச்சட்டிக்கு மூடியா என்று மறுத்துவிட்டாராம்.

பூரணம் நிலத்தைப் பார்த்தபடி, வரும் வழியெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்ததைச் சொன்னாள். காயம் பட்டது உங்கள் வீட்டுக்கு. முதல் இடம் சேருக்குத்தான் தர வேண்டும். என் மனிசன் குறுக்கே நின்றாலும் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மியூரியல் பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு பூரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் வந்து பாவம் எண்டு சொல்லிப்போட்டு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டினம். நீங்கள் ஒருத்திதான் பூரணம் நியாயம் கதைச்சனீங்கள். உங்கடை மனிசனையும் பாக்காமல்."

அந்தக் கையை இழுக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் பூரணம் இருந்தாள்.

"நான் வெளியிலை போய் ஒரு மாதமாச்சு," என்றாள் மியூரியல். "இண்டைக்கு அவரோடை நானும் வாறன். உங்களுக்காக."

*

மண்டபம் றெயில் பாதைக்குப் பக்கத்தில். மேடையில் குத்துவிளக்கு, அதன் பின்னால் பதாகை, பதாகைக்குப் பின்னால் வேலை செய்யாத காற்றாடி. கொழும்பிலிருந்து வந்திருந்த கலாநிதி சுபாஸ்கரன் குளிரூட்டிய அறைக்கு உகந்த கோட்டோடு வந்து, வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தார்.

வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை முடிந்து, சட்டமூலத்துக்கு என்று ஒரு சிறிய இடைவெளி கிடைத்தது. கலாநிதி அதில் எழுந்து, கைதானவர்களின் மரபணு விபரம், குற்ற இடத்தில் எடுத்த தடயம், காணாமற் போனோரின் உறவினர் தரும் மாதிரி, எல்லாவற்றையும் தனித்தனிப் பிரிவாக வைப்பதைப் பற்றிச் சொன்னார். அடுத்ததாக, அவற்றை யார் பார்க்கலாம், எத்தனை காலம் வைத்திருக்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்ற பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்துக் கொழும்புக் கடுகதி போனது. கலாநிதியின் வாய் அசைவதைச் சபை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தது. றெயில் போய் முடிய, அவரும் "நன்றி" என்று முடித்தார். கேள்வி உண்டா என்று கேட்கப்பட்டது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, சாப்பாடு எங்கே என்று கேட்டார்.

பிறகு மாதிரி எடுக்கும் கட்டம். வெள்ளைக் கோட்டும் கையுறையும் போட்ட இரண்டு பெண்பிள்ளைகள் மேசையடிக்கு வந்தார்கள். "முதலாவதாக..." என்று அறிவிப்பாளர் தொடங்கவும், முன்வரிசையிலிருந்து கனகரட்ணம் எழுந்தார்.

முதலாவது தானே என்றார். சட்டம் பாதிக்கப்பட்டவனின் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றார். உதாரணத்துக்கு இரண்டு ஆங்கில வசனமும் சொன்னார். தியாகராசா மேடையில் நின்றபடியே சால்வையை உதறினார். அந்த உதறலைப் பூரணம் அறிவாள். இதோ வேட்டியைத் தூக்கிக் கட்டப்போகிறார், இதோ இறங்கப்போகிறார். இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சு விடாமல் பார்த்தாள்.

கலாநிதி சுபாஸ்கரன் குறுக்கே வந்தார். பெண்பிள்ளைகள் இருவர் இருக்கிறார்களே, இரண்டு கதிரையைப் பக்கத்தில் பக்கத்தில் போடலாம், ஒரே கணத்தில் இருவருக்கும் எடுக்கலாம் என்றார். இருவரும் முதல்வர்.

கோயில்கள் தலைமுறை தலைமுறையாகத் தீர்க்காத வழக்கை விஞ்ஞானம் இரண்டு பிளாஸ்ரிக் கதிரையால் தீர்த்துவிட்டது. சபை கைதட்டியது. தியாகராசாவின் கை வேட்டியை விட்டது.

இதோடு நின்றிருந்தால்கூடப் பாதிதான் போயிருக்கும். ஆனால் கனகரட்ணம் மேடைக்குத் தனியே ஏறவில்லை. மியூரியலின் முழங்கையைப் பிடித்து, படி படியாகக் கூட்டிக்கொண்டு ஏறினார். ஒரு மாதம் வெளியே வராத தாய் மேடையில் நிற்பதைக் கண்டு சபை எழுந்து நின்றது. தியாகராசா அந்தச் சபையைப் பார்த்தார். தனக்கு அப்படி ஒருநாளும் எழுந்து நிற்காத சபை. உடனே ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"இரத்தம் ஒருநாளும் பொய் சொல்லாது," என்று தொடங்கினார். பரம்பரை பரம்பரையாக ஒளிக்க ஒன்றும் இல்லாத குடும்பம் தன்னுடையது என்றார். அந்தக் குடும்பத்தில் எல்லாமே தம்பதி சமேதராகத்தான் நடக்கும் என்றார். "என்ரை மனிசியும் இஞ்சைதான் இருக்கிறா. பூரணம், மேலை வாரும்."

பூரணம் எழும்பவில்லை. காது கேட்காதவள் போல இருந்து பார்த்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் இருவர் கூச்சப்படுகிறாள் என்று சிரித்து, கையில் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். மேடைக்குப் போகும் வழியில் நாகமுத்தர் நினைவுக்கு வந்தார். துடக்கு என்று இப்போது கத்தினால் என்ன? கத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்ற கேள்வி ஒன்றுதான் அவளுக்கு ஆகாத கேள்வி.

இன்னும் இரண்டு கதிரை வந்தது.

சம்மதமா என்று ஒரு பெண்பிள்ளை மெதுவாகக் கேட்டதுதான். பூரணத்தின் உதடு அசைய முன்னரே சபை கைதட்டிவிட்டது. கைதட்டலே சம்மதமாயிற்று.

"வாயைத் திறவுங்கோ அம்மா. பயப்பிடாதையுங்கோ, நோகாது."

பஞ்சு கன்னத்துக்குள் இரண்டு பக்கமும் உருண்டது. உண்மையிலேயே நோகவில்லை. பக்கத்துக் கதிரையில் மியூரியலும் வாயைத் திறந்தபடி இருந்தாள். அப்படியே கையை நீட்டிப் பூரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். எடுத்து முடியும் வரை விடவில்லை.

*

சிற்றுண்டி மேசையில் கலாநிதி சுபாஸ்கரன் கோட்டைக் கழற்றிவிட்டு றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பூரணம் ஆட்கள் விலகும் வரை நின்று, பக்கத்தில் போனாள். தன்னுடையதைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டாள். மனிசன் கூப்பிட்டதால் ஏறியது, தனக்கு விருப்பமில்லை.

கலாநிதிக்கு மகிழ்ச்சி. காலையிலிருந்து அவரிடம் யாரும் சட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"மிக நல்ல கேள்வி அம்மா. மாதிரியைத் திரும்பப் பெறுகிற உரிமைக்குச் சட்டமூலத்திலை தனியாய் ஒரு பிரிவே இருக்கு. நல்ல பிரிவு."

"அப்ப தாங்கோவன்."

"சட்டம் இன்னும் வரேல்லையே." விரலைக் கடதாசியில் துடைத்தார். "எடுக்கிறதுக்குச் சட்டம் தேவையில்லை, நீங்களாய்த் தந்தது. திருப்பித் தாறதுக்குத்தான் சட்டம் வேணும்."

எப்போது வரும் என்று கேட்டாள். குழு இருக்கிறது, குழுவின் சிபாரிசைப் பார்க்க இன்னொரு குழு இருக்கிறது என்றார். அதுவரைக்கும் இந்தப் பஞ்சை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். குளிரில் பத்திரமாக இருக்கும், பயமே வேண்டாம் என்றார். சும்மாவும் இராது; ஒரு முன்னோடி ஒப்பீடு செய்து காட்டத்தானே வேண்டும். பொலிசார் இந்த ஊர்க் கடைக் கண்ணாடியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் இரண்டு பேருடைய இரத்தம் இருக்கிறதாம். கனகரட்ணம் தம்பதியின் மாதிரி கிடைத்ததால் வெட்டுப்பட்ட பையனுடையது எது என்று பிரித்துவிடலாம்.

"மற்றது?"

"மற்றதை இருக்கிற எல்லாத்தோடையும் ஒப்பிட்டுப் பாக்க வேண்டியதுதான்."

"அதுக்குச் சட்டம் வேண்டாமோ?"

"தடுக்கிறதுக்கும் சட்டம் இல்லையே அம்மா," என்றார் கலாநிதி அன்போடு, அடுத்த றோல்ஸை எடுத்தபடி.

பூரணம் திரும்பினாள். பின்னால் கஜானி தேத்தண்ணித் தட்டத்தோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. தட்டத்தில் இருந்த தேத்தண்ணியெல்லாம் ஆடை கட்டியிருந்தது.

*

வீட்டுக்கு வரும் வழியில் ஓட்டோவுக்குள் தியாகராசாதான் பேசிக்கொண்டு வந்தார். கனகரட்ணத்துக்கு வாய் திறக்கத் தெரியவில்லை, பல்லுக்கட்டு வைத்த ஆள் என்றார். கஜானி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒருமுறை மட்டும் தாயின் பக்கம் திரும்பி, கேட்டாள்.

"அவ்வளவு சனத்துக்கை நீங்கள் ஒராள்தான் திருப்பிக் கேட்டனீங்கள். ஏனம்மா?"

வெட்கமாக இருந்தது என்றாள் பூரணம். கஜானி தலையாட்டினாள். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லுபவருக்குத் தலையாட்டுவது போல. றொஷானின் வழக்கில் கனகரட்ணம் வீட்டுக்காகத் தோன்றுவது அவளுடைய சட்டத்தரணிதான். கடைக் கண்ணாடியின் படங்களை ஒழுங்குபடுத்தி வைத்தவளும் அவள்தான்.

வீட்டுக்கு வந்ததும் தியாகராசா சட்டை கழற்றவில்லை. 'தேசத்தின் முதல் தன்னார்வ மரபணுக் கொடையாளர்' என்ற சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தோடு கையில் இருந்தது. கனகரட்ணத்துக்கும் அதே வாசகத்தோடு ஒன்று கொடுத்திருந்தார்கள். அதை அவர் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டார். முன்னறைச் சுவரில் பேரனாரின் படத்துக்குக் கீழே இடம் பார்த்தார். புகையிலை வாங்கப் போன அதே பேரனார்.

கதிரையில் ஏறி நின்று நிருஷனைக் கூப்பிட்டார். அவன் அறைக்குள்ளிருந்து வந்தான். ஆணி அடித்தாயிற்று, ஆழம் காணாது, இன்னும் இரண்டு போடு போட வேண்டும், கீழே விழுந்த சுத்தியலை எடுத்துத் தா என்றார்.

நிருஷன் சுத்தியலை எடுத்து நீட்டினான்.

தியாகராசா வாங்கவில்லை. "பெரியாக்களுக்கு இடக்கையாலையோடா குடுக்கிறது? எந்த வீட்டுப் பிள்ளை நீ?"

"கை நோகுதப்பா."

"கம்பி கிழிச்சு ஒரு மாதம். வலக்கையாலை தா."

பூரணம் தான் எடுத்துத் தருவதாக முன்னே வந்தாள். அவர் கையால் மறித்தார். பழக்கம் என்று ஒன்று இருக்கிறது, இன்றைக்குத்தான் இந்தக் குடும்பத்தைப் பற்றி ஊருக்கே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்றார். கையை நீட்டியபடியே காத்திருந்தார். அவர் எவ்வளவு நேரமும் காத்திருப்பார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

நிருஷன் சுத்தியலை வலக்கைக்கு மாற்றினான். விரல்கள் முழுதாக மடியவில்லை. உள்ளங்கையில் வைத்து, கையை விரித்தபடி, தகப்பனுக்கு நேரே உயர்த்தினான். யன்னலால் விழுந்த பின்னேர வெயில் அந்தக் கையில் பட்டது.

கஜானி வாசலில் நின்றாள். முள்ளுக்கம்பி ஒரு கோடாகக் கிழிக்கும். தம்பியின் கையில் இருந்தது கோடில்லை. பெருவிரல் அடியிலிருந்து வளைந்து போய், நடுவில் சிதறி, சின்னச் சின்னப் பொட்டாக முடிந்திருந்தது, அவள் ஒழுங்குபடுத்திய படங்களில் கண்ணாடி உடைந்திருந்த மாதிரியே. அவள் அதைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். பூரணத்திடம் அந்தப் பார்வைக்குக் கொடுக்க ஒரு பொய்கூட மிஞ்சியிருக்கவில்லை.

தியாகராசா ஆணியில் இரண்டு போட்டார். சான்றிதழைத் தொங்கவிட்டார்.

"நேராய் இருக்கோ பிள்ளை?"

"இல்லையப்பா," என்றாள் கஜானி, சுவரைப் பார்க்காமல்.

அவர் இடப்பக்கம் கொஞ்சம் தள்ளினார். மேசையில் இருந்த கஜானியின் ரெலிபோன் அடித்தது. திரையில் அவளுடைய சட்டத்தரணியின் பெயர். றொஷானின் வழக்கு நாளைக்கு. நிருஷன் அந்தத் திரையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், விரித்த கையை மெல்ல மூடினான். மூடிய அளவுக்கு மூடியது. கஜானி எடுக்கவுமில்லை, நிறுத்தவுமில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

"எடு பிள்ளை," என்றார் தியாகராசா கதிரையில் நின்றபடி, கண்ணாடிச் சட்டத்தைச் சால்வை நுனியால் துடைத்துக்கொண்டு. "பெரியாக்களைக் காக்க வைக்கக் கூடாது."